காஷ்மீர் ஐரிஸ் பாளையங்கோட்டையில் பூக்குமா?

கேட்டவர் பாளையங்கோட்டைக்காரர். மே மாதம் குடும்பத்தோடு ஸ்ரீநகர் போய் வந்திருக்கிறார். அங்கே தோட்டத்திலும் சாலையோரத்திலும் கல்லறைகளைச் சுற்றியும் கூட்டம் கூட்டமாக நின்ற கத்தரிப்பூ நிற ஐரிஸ், அவர் மனைவிக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஊர் திரும்பியதும் தேடிப் பார்த்ததில், 5 கிழங்கு 700 ரூபாய் என்று இணையத்தில் ஒரு கடை. பக்கத்து நர்சரியில் கேட்டால், "இதுவும் ஐரிஸ்தான்" என்று மஞ்சள் பூ பூக்கிற ஒரு செடியைக் காட்டுகிறார்கள். "எதை வாங்கலாம், எப்படி நட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். நடுகிற முறையைக் கேட்பது போல இருந்தாலும், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. ஸ்ரீநகரில் பார்த்த பூ நம் வெயிலில் பூக்குமா? பூக்காது என்றால் அந்த 700 ரூபாயை எதில் போட்டால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள்? அதற்கே பதில் சொல்கிறேன். நான் தோட்டக்கலை படித்தவன். கொஞ்ச காலம் நீலகிரியில் வேலை பார்த்தேன், அப்புறம் அம்பாசமுத்திரம், தென்காசி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் பல வருடமாக நர்சரி வேலை. மலைக்குளிரில் செடி எப்படி நடந்துகொள்ளும், நம் சமவெளியில் எப்படி நடந்துகொள்ளும் என்று இரண்டையும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், அண்ணாச்சி. ஸ்ரீநகரில் நீங்கள் பார்த்தது தாடி ஐரிஸ். மேலே நிமிர்ந்து நிற்கும் 3 இதழ், கீழே மடிந்து தொங்கும் 3 இதழ். தொங்கும் இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு வரி முடி இருக்கும், அதைத்தான் தாடி என்கிறார்கள். இந்தச் செடி பாளையங்கோட்டையில் முளைக்கும், இலை விடும், சில மாதம் பச்சையாகவும் நிற்கும். ஆனால் பூக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மண்ணைக் குறை சொல்ல முடியாது, உரத்தையும் சொல்ல முடியாது. அதற்கு வேண்டிய குளிர் நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.

தாடி ஐரிஸின் கிழங்கு மண்ணுக்கு வெளியே பாதி தெரியும்படி படுத்துக் கிடக்கும், இஞ்சி மாதிரி கணுக்கணுவாக இருக்கும். அதன் நுனிக் குருத்து வெறும் இலையை மட்டும் விட்டுக்கொண்டிருக்காமல் மொட்டுக்குத் திரும்ப வேண்டுமானால், பல வாரம் விடாமல் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் பட வேண்டும். ஸ்ரீநகர் இருப்பது 34 டிகிரி வடக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில். ஜனவரி இரவில் அங்கே தண்ணீர் உறைந்துவிடும். மே மாதம் நீங்கள் கண்ட பூவுக்கான ஏற்பாடு அந்தக் குளிரில் நடந்தது. பாளையங்கோட்டை 9 டிகிரிக்கும் சற்றுக் கீழே இருக்கிறது. மார்கழி விடியலில் நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற நாளிலும் வெப்பமானி 20 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். நமக்கு அது குளிர். அந்தக் கிழங்குக்கு அது வசந்தம்கூட இல்லை. குறைந்த குளிரே போதும் என்று விற்கிற ரகங்கள் உண்டுதான். ஆனால் அவை கலிபோர்னியா மாதிரி ஊர்களை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அங்கேயும் குளிர்கால இரவு 10 டிகிரிக்குக் கீழே சாதாரணமாக இறங்கும்.

ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து நடலாமே என்று கேட்பீர்கள், பலரும் கேட்கிறார்கள். டியூலிப் கிழங்குக்கு அது சரி. அது முழுக்க மூடிய குமிழ், தூங்கிக்கொண்டே குளிரை வாங்கிக்கொள்ளும். தாடி ஐரிஸின் கிழங்கோ வேரும் குருத்துமாக உயிரோட்டத்தில் இருக்கிற தண்டு. காய்கறித் தட்டில் மாதக்கணக்கில் வைத்தால் ஒன்று வற்றிப்போகும், இல்லாவிட்டால் அழுகும். தொட்டியில் ஐஸ் கட்டி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அரை மணி நேரக் குளிரால் ஒரு பயனும் கிடையாது. அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

குளிர் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு தொல்லை மழை. காஷ்மீரில் பூத்து முடிந்த கிழங்கு கோடையில் முதுகில் வெயில் பட வறண்டு கிடந்து அடுத்த வருடத்துக்குத் தேறும். நமக்கோ சித்திரை, வைகாசியில் மண்ணே கொதிக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தக் கிழங்குக்குப் பிடித்த பருவம் என்று ஒன்றுமே இல்லை. ஈரம் தங்கினால் பாக்டீரியா அழுகல் பிடிக்கும். இலை அடியில் மஞ்சளாகிச் சாயும், லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும், கிழங்கை அமுக்கினால் கூழாக இருக்கும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் கொட்டியது போல ஒரு மழை வந்தால் மேட்டுப் பாத்தியும் காப்பாற்றாது. சரி, மாஞ்சோலை, ஊத்து மாதிரி மலை மேலே ஆகுமா என்றால், அங்கே இரவு குளுமையாக இருக்குமே தவிர வேண்டிய அளவு குளிர் கிடையாது. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் அதுவும் ஒன்று என்பதால் அழுகல் இன்னும் சீக்கிரம் வரும். நம் மாநிலத்துக்குள் தாடி ஐரிஸை நட்டுப் பார்க்க நியாயமான இடம், தை மாதம் உறைபனி விழுகிற ஊட்டிப் பக்கத்து மேடுகள்தான்.

இப்போது அந்த 700 ரூபாய்க் கிழங்கு. விற்பனைப் பக்கத்தை நான் பார்க்கவில்லை, ஆகவே அந்தக் கடையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். பொதுவாக ஐரிஸ் என்ற பெயரில் தபாலில் வருவது மூன்று மாதிரி. இமாசலம், காஷ்மீர் பக்கத்து நர்சரிகள் பூ முடிந்த பிறகு பிரித்து அனுப்புகிற தாடி ஐரிஸ் கிழங்கு ஒன்று. அது நேர்மையான சரக்குதான், நம் ஊருக்குத்தான் பொருந்தாது. அடுத்தது விதை. நீலம், சிவப்பு, கறுப்பு, வானவில் நிறம் என்று படம் போட்ட பொட்டலங்கள் இருக்கின்றனவே, அவற்றை வாங்கவே வாங்காதீர்கள். தாடி ஐரிஸை விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. குளிர் நாட்டிலேயே பூக்க 2, 3 வருடம் ஆகும். அப்பட்டமான சிவப்பில் தாடி ஐரிஸ் இன்று வரை கிடையாது. ஆகவே அந்தப் படமே பொய். மூன்றாவது, சின்ன வெங்காயத்தை விடச் சற்றுப் பெரிதாக, பழுப்புத் தோலோடு வரும் குமிழ். அது டச்சு ஐரிஸ். தாடி இல்லாதது, பெரிய நகரப் பூக்கடைகளில் பூங்கொத்துக்கு விற்கிறார்களே, அது.

டச்சு ஐரிஸில் மட்டும் ஒரு சின்ன வாய்ப்பு இருக்கிறது. ஆசையைத் தூண்ட அல்ல, உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பண்ணைகளில் இந்தக் குமிழுக்கு முதலில் வெப்பமும் பின்பு சில வாரம் 9, 10 டிகிரிக் குளிரும் கொடுத்து அனுப்புவார்கள். அப்படிக் குளிர் வாங்கிய குமிழைக் கார்த்திகைக் கடைசியில் நட்டால், உள்ளே மொட்டு ஏற்கெனவே முடிவாகியிருப்பதால் தை வாக்கில் பூத்தண்டு வரலாம். ஆனால் டச்சு ஐரிஸ் நன்றாக வளர்வது 13 முதல் 18 டிகிரிக்குள். வெப்பம் கூடினாலோ வெளிச்சம் குறைந்தாலோ மொட்டு உறைக்குள்ளேயே காகிதமாகக் காய்ந்துவிடும். நம் தை மாதப் பகலில் 30 டிகிரி சாதாரணம். ஆகவே 5 குமிழில் ஒன்று பூத்தாலும் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு வாங்குவதானால் வாங்கலாம். பூத்த குமிழ் மறு வருடம் நம் மண்ணில் பூக்காது. வாங்கும்போது சுற்றளவை நூலால் அளந்து பாருங்கள். 7, 8 சென்டிமீட்டராவது இல்லாவிட்டால் வெறும் 3 இலை விட்டு நின்றுவிடும். 3 இலையோடு நின்ற டச்சு ஐரிஸில் அந்த வருடம் பூ கிடையாது என்பது வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம். இன்னொன்று: வெளிநாட்டுக் கடையிலிருந்து நேராகப் பார்சலில் கிழங்கு வரவழைக்காதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். இரண்டும் இல்லாத பார்சலைப் பிடித்து அழித்துவிடுவார்கள். பணமும் போகும், நோய் வந்தால் ஊருக்கே கேடு.

நர்சரியில் காட்டிய மஞ்சள் பூவுக்கு வருவோம். நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது "வாக்கிங் ஐரிஸ்" என்று விற்கிற செடியாக இருக்க வேண்டும். படம் இல்லாமல் இதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்களே சரிபார்க்கலாம். இலையின் அடியைப் பாருங்கள். லில்லி வகைகளின் இலைக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று உண்டு, தண்டைச் சுற்றி நாலாபக்கமும் விரியும். ஐரிஸ் குடும்பத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு இலையும் அடியில் நீளவாக்கில் மடிந்து, அடுத்த இலையின் அடியைக் கவ்விக்கொண்டு இருக்கும். இலைகள் எல்லாம் ஒரே தளத்தில் விசிறியாக அடுக்கியிருக்கும். இலையின் இரண்டு முகமும் ஒரே மாதிரி இருக்கும், தடவிப் பார்த்தால் எது மேல், எது கீழ் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வசம்புக்கும் இப்படித்தான் விசிறி இலை. பூ இல்லாத நேரத்தில் நர்சரிக்காரர்களே குழம்புவார்கள். இலையைக் கசக்கினால் பிள்ளை வளர்த்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த அந்த வாசனை வந்தால் வசம்பு, இல்லாவிட்டால் ஐரிஸ் குடும்பம். பூ இருந்தால் மகரந்தத் தண்டை எண்ணுங்கள். லில்லிக்கு 6, ஐரிஸ் குடும்பத்துக்கு 3. சில பூக்களில் அந்த 3-ம் நடுவில் இருக்கிற இதழ் மாதிரியான பாகத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரலால் மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

வாக்கிங் ஐரிஸ் தென் அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பக்கத்துச் செடி. ஐரிஸ் குடும்பம்தான், ஆனால் ஐரிஸ் பேரினம் (குடும்பத்துக்குள் வருகிற சின்னப் பிரிவு) அல்ல. அதனால் "இதுவும் ஐரிஸ்" என்று அவர்கள் சொன்னதைப் பெரிய பொய் என்று சொல்ல மாட்டேன். மஞ்சள் தவிர, வெளி இதழ் வெள்ளையும் உள் இதழ் நீலமுமாக ஒரு வகையும், முழு நீலமாக உயரமான ஒரு வகையும் உண்டு. உங்கள் மதினி... மன்னிக்கவும், என் முறைக்கு மதினி, உங்கள் வீட்டம்மா கத்தரிப்பூ நிறத்தைத்தான் கேட்கிறார்கள் என்றால், இந்த நீல வகைகளை நர்சரியில் சொல்லிவைத்து வாங்குங்கள். பூ காலையில் விரியும், சாயங்காலம் சுருங்கிவிடும். ஒரு நாள் வாழ்வுதான், ஆனால் ஒரே தண்டில் மாறிமாறி வரும். பூ முடிந்த தண்டின் நுனியில் குட்டிச் செடி முளைத்து, கனம் தாங்காமல் தண்டு வளைந்து தரையைத் தொடும், தொட்ட இடத்தில் வேர்விடும். ஐப்பசி மழை தொடங்கியதும் அந்தக் குட்டியை வெட்டி நட்டால் ஒன்றுகூடத் தவறாது. இதற்கு உச்சி வெயில் ஆகாது. வீட்டின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கம், மாமர நிழல், கிணற்றடி ஓரம் மாதிரி இடம் வேண்டும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் பட்டால் இலை வெந்துவிடும். மஞ்சள் வகை ஈரத்தைக் கண்டால் பரவிக்கொண்டே போகும், ஆகவே தொட்டியிலோ கரை கட்டிய பாத்தியிலோ வையுங்கள்.

இனி நான் உங்களுக்கு மனதார வாங்கச் சொல்கிற செடி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன். நம் வெயிலில் வளர்ந்து, நம் மழையில் பிழைத்து, வருடம் தவறாமல் பூக்கிற அசல் ஐரிஸ் ஒன்று உண்டு. நர்சரிகளில் "லெபர்டு லில்லி" என்றோ "பிளாக்பெர்ரி லில்லி" என்றோ சொல்வார்கள். லில்லி அல்ல, ஐரிஸ். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753-இல் இதை ஆர்க்கிட் என்று எடுத்துக்கொண்டு பெயர் வைத்தார். பிறகு நெடுங்காலம் பெலாம்கண்டா என்ற தனிப் பேரினத்தில் இருந்தது. மரபணு ஆய்வுகள் இது ஐரிஸ் கூட்டத்துக்கு உள்ளேயே கிடக்கிறது என்று காட்டியதால் 2005-இல் ஐரிஸ் டொமெஸ்டிகா என்று மாற்றினார்கள். இமயமலை அடிவாரம் தொடங்கி சீனா, ஜப்பான் வரை இதன் தாயகம். ஆனால் நம் தட்பவெப்பத்துக்கு ஆகும் என்பதற்கு என்னிடம் இருக்கிற சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. கொச்சியில் டச்சுக்காரர் வான் ரீட் முன்னின்று தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் மலையாளக் கரைச் செடிகளில் ஒன்றாக இது படத்தோடு இருக்கிறது. பெலாம்கண்டா என்ற பேரினப் பெயரே அங்கிருந்து போனதுதான். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய் இறங்கினால் வருகிற அதே மலபார்ப் பக்கம், பனி என்றால் என்னவென்று தெரியாத மண். அங்கே 300 வருடத்துக்கு முன்பே வளர்ந்த செடிக்குக் குளிர் பற்றிய கவலை வேண்டாம்.

பூவைக் கிட்டப் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். 4, 5 சென்டிமீட்டர் அகலம். 6 இதழும் கிட்டத்தட்ட ஒரே அளவில் மலர்ந்து விரியும். செம்மஞ்சள் நிறத்தில் அரக்குச் சிவப்புப் புள்ளிகள், அடியில் நெருக்கமாகவும் நுனிக்குப் போகப் போகக் கலைந்தும் தெளித்திருக்கும். தாடி கிடையாது. இதுவும் ஒரு நாள் பூதான். சாயங்காலம் இதழ்கள் ஈரத்துணியைப் பிழிந்தது போல இறுக முறுக்கிக்கொள்ளும், காய் பருக்கும்வரை அந்த முறுக்கு காயின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டு 2, 3 அடி உயரம் வரும், கிளை பிரியும், ஒன்று முடிய ஒன்று என்று பல வாரம் பூ இருக்கும். காய் முற்றினால் 3 பிளவாக வெடித்துத் தோல் பின்னால் சுருண்டு விழும். உள்ளே மிளகு அளவில், பளபளவென்று கறுத்த விதைகள் கொத்தாக நிற்கும். அந்த விதைக்கொத்தைத் தண்டோடு வெட்டிக் காயவைத்துக் குவளையில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். நான் பூவை விட அதற்காகவே இதை வளர்க்கச் சொல்வேன்.

வளர்ப்பது இப்படி. விதை புதிதாகக் கிடைத்தால் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஆடிக் கடைசியில் நாற்றுத் தட்டில் போடுங்கள். முளைப்பு ஒரே சீராக இருக்காது. சிலது 3 வாரத்தில் வரும், சிலது 2 மாதம் இழுக்கும், அவசரப்பட்டுக் கொட்டிவிடக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன் கன்று 4 இலை பிடித்துவிட்டால் நல்லது. நன்றாகத் தேறிய கன்று அடுத்த வருடம் பூக்கும், சிலது இன்னும் ஒரு வருடம் எடுக்கும். பொறுமை இல்லையென்றால் தூரைப் பிரித்து வாங்குங்கள். கிழங்கை ஓரத்தில் நகத்தால் கீறினால் உள்ளே மஞ்சளாக, இறுகலாக இருக்க வேண்டும். ஒரு கிழங்குத் துண்டுக்கு ஒரு இலை விசிறியாவது இருக்கட்டும். இலையைப் பாதிக்கு வெட்டிவிட்டு, கிழங்கு 2, 3 சென்டிமீட்டர் ஆழத்தில் மூடும்படி நடுங்கள். தாடி ஐரிஸுக்குச் சொல்வது போல வெளியே தெரிய விட வேண்டாம், நம் சித்திரை வெயில் அதை அவித்துவிடும்.

இடம் என்றால் குறைந்தது அரை நாள் வெயில். பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வீடு மண் மாறும். செம்மண் சரளாக இருந்தால் மக்கிய தொழுவுரம் கலந்தால் போதும். மானூர்ப் பக்கம் மாதிரி கரிசலாக இருந்தால் தரையில் நடாதீர்கள், ஒரு அடி உயர்த்திப் பாத்தி கட்டி, செம்மண்ணும் மணலும் சரிபாதி சேர்த்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் வைத்தால் அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று மழைக்கு முன்னால் ஒருமுறை குச்சி விட்டுப் பாருங்கள். தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் வருகிற குழாய் இருந்தால் கவலை இல்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி முதலில் காய்ந்து, அந்தக் காய்ச்சல் ஓரமாகக் கீழே இறங்கும். அதை உரக்குறை என்று நினைத்து யூரியா போட்டால் உப்பு இன்னும் கூடும். வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ தொட்டியின் அடியில் வழிகிற அளவுக்கு ஊற்றுங்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்றில் பூத்தண்டு ஒடிந்து போகும், ஒரு மூங்கில் குச்சி நட்டு லேசாகக் கட்டிவையுங்கள். மழைக்காலத்தில் நத்தை வந்து குருத்தைத் தின்னும், இருட்டிய பிறகு டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் சுலபமான வழி. 3, 4 வருடத்துக்கு ஒருமுறை தூர் நெருங்கினால் மாசியில் பிரித்து நடலாம்.

இன்னும் சில பெயர்கள் உங்கள் காதில் விழும். ஆப்பிரிக்க ஐரிஸ் என்கிற டயட்டிஸ் பெங்களூரில் சாலையோரமெல்லாம் பூக்கிறது. நம் சமவெளியில் இலை நன்றாக வரும், பூ எவ்வளவு வரும் என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது, ஆகவே பூத்து நிற்கிற செடியை உள்ளூரிலேயே பார்த்தால் மட்டும் வாங்குங்கள். வெள்ளை டயட்டிஸின் பூ முடிந்த தண்டை வெட்டக் கூடாது, அதே தண்டில் மறுபடி பூக்கும். லூசியானா ஐரிஸ் அமெரிக்காவின் சதுப்பு நிலத்துச் செடி, வெப்பமும் ஈரமும் தாங்கும், கத்தரிப்பூ நிறமும் உண்டு. கேட்கவே ஆசையாக இருக்கும். அது புளிப்பு மண்ணையும் மென்மையான தண்ணீரையும் கேட்கிற செடி, நம் போர் தண்ணீரில் இலை வெளுத்துப் போகும். அதற்குக் கொஞ்சமாவது குளிர்காலம் இருந்தால்தான் பூ ஒழுங்காக வரும். நீங்கள் கையில் காசு வைத்துக்கொண்டு சோதனை செய்கிறவராக இருந்தால் ஒரு தொட்டி வைத்துப் பாருங்கள், முதல் செடியாக வாங்க வேண்டாம். குளத்து ஓரத்துக்கு மஞ்சள் ஐரிஸ் என்று ஒன்றைக் காட்டினால் வாங்கவே கூடாது. பல நாடுகளில் நீர்நிலைகளை அடைத்துவிட்ட களை அது. நமக்குக் குளமும் கால்வாயும் முக்கியம்.

வாங்கப் போகும்போது பூ இருக்கிற காலத்தில் போங்கள். ஐரிஸ் என்று யார் எதைச் சொன்னாலும், பூவைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுத்தால் ஏமாற வழியில்லை. பூ இல்லாத நேரமானால் இலையடியைப் பாருங்கள், தொட்டியை லேசாகச் சாய்த்து அடியில் வேர் வெள்ளையாக இருக்கிறதா, கெட்ட வாடை வருகிறதா என்று பாருங்கள். புதுக் குருத்து ஒன்று உள்ளிருந்து வந்துகொண்டிருக்க வேண்டும். நம் பக்கத்து நர்சரியில் இல்லையென்றால் செங்கோட்டை, குற்றாலம் பக்கம் விசாரியுங்கள். சாரல் காலத்தில் அங்கே கேரளத்துச் சரக்கும் வந்து இறங்கும். வளர்க்கிறவர்கள் வீட்டில் கேட்டால் விதையைக் காசில்லாமலே கொடுப்பார்கள், ஒரு செடியிலேயே கை நிறைய விதை விழும்.

கத்தரிப்பூ நிறம் உடனே வேண்டும் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. லெபர்டு லில்லியின் பாத்தி ஓரமாக டிசம்பர் பூச்செடி நாலு வையுங்கள். மார்கழியில் அந்த நிறம் வீட்டுக்கு வந்துவிடும், தலையிலும் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு முக்கியமான விஷயம்: ஐரிஸ் வகைகளின் கிழங்கு விஷத்தன்மை உள்ளது. லெபர்டு லில்லிக் கிழங்கு சீன மருத்துவத்தில் பயன்படுகிறது என்று இணையத்தில் படித்துவிட்டு யாரும் கஷாயம் வைக்கக் கூடாது. பிரித்து நடும்போது மிஞ்சுகிற துண்டுகளை ஆடு, மாடு, சின்னப் பிள்ளைகள் கைக்கும் வாய்க்கும் எட்டாமல் குழியில் போட்டு மூடிவிடுங்கள். சிலருக்குச் சாறு பட்டால் கை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது. நர்சரியில் காட்டிய செடியின் பூவையும் இலையடியையும் படம் எடுத்து இதன் கீழே போடுங்கள், உங்கள் வீட்டுத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீரா போர் தண்ணீரா என்பதையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் எதை நடலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.